எரித்த தீயும் குளிர்காய்ந்த தீயும்

1950ஆம் ஆண்டு வசந்த காலம். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பவல் நூலகம். அதன் அடித்தளத்தில் ஓர் அறை நிறைய வாடகைத் தட்டச்சுப் பொறிகள். பத்து சென்ட் நாணயம் ஒன்றைப் போட்டால் அரை மணி நேரம் தட்டலாம். நேரம் முடிந்தால் பொறி நின்றுவிடும், அடுத்த நாணயத்தைப் போட வேண்டும். வீட்டில் கைக்குழந்தை, தனியறை எடுக்கக் கையில் காசில்லை என்ற நிலையில் இருந்த 29 வயது எழுத்தாளர் ரே பிராட்பரி சில்லறையைப் பை நிறைய எடுத்துக்கொண்டு அங்கே போய் உட்கார்ந்தார். ஒன்பது நாளில் 25,000 சொற்களில் ஒரு கதை முடிந்தது. அதற்கு ஆன செலவு 9 டாலர் 80 சென்ட் என்று பின்னாளில் அவரே பலமுறை கணக்குச் சொல்லியிருக்கிறார். அப்படியென்றால் 98 நாணயங்கள், 49 மணி நேரம்.

நடுநடுவே எழுந்து மாடிக்கு ஓடுவாராம். அலமாரியிலிருந்து கைக்கு வந்த புத்தகத்தை உருவி, இரண்டு வரி படித்துவிட்டு, மறுபடி கீழே இறங்கித் தட்டத் தொடங்குவார். கீழே அவருடைய தாளில் புத்தகங்கள் எரிந்துகொண்டிருந்தன. மேலே ஆயிரக்கணக்கான புத்தகங்கள் பத்திரமாக அடுக்கில் இருந்தன. ‘தீயணைப்பு வீரன்’ என்ற அந்தக் கதையில் பற்றிய நெருப்புதான் பிறகு ‘ஃபாரன்ஹீட் 451’ நாவலாக வளர்ந்தது. அந்த நெருப்பு எங்கிருந்து வந்தது, நாவலுக்குள் எப்படி உருமாறியது, நாவலை விட்டு வெளியே வந்து எங்கெல்லாம் போனது என்று பின்தொடர்ந்து போனால், தணிக்கையைப் பற்றி நாம் எளிதில் மறந்துவிடும் ஓர் உண்மை கிடைக்கிறது.

நெருப்பு அவருக்குள் நுழைந்தது அந்த அறையில் அல்ல. பிராட்பரி கல்லூரிக்குப் போனவர் இல்லை. 1938இல் பள்ளிப் படிப்பு முடிந்ததும் தெருமுனையில் செய்தித்தாள் விற்றார். வாரத்தில் பல நாட்கள் பொது நூலகத்தில் கழித்தார். தன்னைப் படிக்க வைத்தது நூலகம்தான் என்று கடைசிவரை சொல்லிவந்தார். அலெக்சாந்திரியா நூலகம் எரிந்த கதையைச் சிறுவனாகக் கேட்டபோது அழுதிருக்கிறார். 1933 மே 10 இரவு, பெர்லின் ஓபரா சதுக்கத்தில் மாணவர்கள் புத்தகங்களை வண்டி வண்டியாகக் கொண்டுவந்து தீயில் வீசினார்கள். நாஜி பிரசார அமைச்சர் கோயபல்ஸ் அங்கே நின்று உரையாற்றினார். அந்த எரிப்புகளின் செய்திப்படங்களைத் திரையரங்கில் பார்த்து வளர்ந்த தலைமுறை பிராட்பரியுடையது. 1692இல் சேலம் நகரில் சூனியக்காரி என்று தீர்ப்பளிக்கப்பட்டுத் தப்பிப் பிழைத்த மேரி பிராட்பரி தன் மூதாதை என்பதையும் அவர் பெருமையோடு சொல்வார். அச்சத்தில் இருக்கும் கூட்டம் என்ன செய்யும் என்பது அவருக்குக் குடும்பக் கதையாகவே வந்து சேர்ந்திருந்தது.

கதை 1951 பிப்ரவரியில் ‘கேலக்ஸி’ இதழில் வந்தது. பாலன்டைன் பதிப்பகம் அதை நாவலாக விரித்துத் தரக் கேட்டது. அளவு இருமடங்கானது. தலைப்பு மட்டும் அமையவில்லை. காகிதம் எந்த வெப்பநிலையில் தீப்பிடிக்கும் என்று வேதியியல் துறையையும் இயற்பியல் துறையையும் கேட்டுப் பார்த்துப் பதில் கிடைக்காமல், கடைசியில் தீயணைப்பு நிலையத்துக்கே தொலைபேசியில் பேசியிருக்கிறார். 451 பாகை ஃபாரன்ஹீட் என்று பதில் வந்தது. நம் கணக்கில் ஏறத்தாழ 233 பாகை செல்சியஸ். உண்மையில் காகிதத்தின் வகை, தடிமன், சூடேறும் விதம் எல்லாவற்றையும் பொறுத்து அந்த எண் மாறும். ஆனால் அந்தத் தொலைபேசி அழைப்பிலேயே நாவலின் மையம் இருக்கிறது. தீயை அணைக்கிறவரிடம் போய், எப்படிப் பற்றவைப்பது என்று கேட்டிருக்கிறார்.

அவர் படைத்த எதிர்காலத்தில் வீடுகள் தீப்பிடிக்காதவை. எனவே தீயணைப்புப் படைக்கு வேலையில்லை. அதற்குப் புதிய வேலை தரப்படுகிறது. யார் வீட்டில் புத்தகம் இருக்கிறதோ அந்த வீட்டுக்குப் போய் எரிக்க வேண்டும். குழாயில் வருவது தண்ணீர் அல்ல, மண்ணெண்ணெய். நிலையத்து விதிப்புத்தகம் இந்தப் படையைத் தொடங்கியவர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் என்றும், ஆங்கிலேயச் சார்புள்ள நூல்களை எரிக்க 1790இல் அது நிறுவப்பட்டது என்றும் சொல்கிறது. நிஜத்தில் ஃபிராங்க்ளின் 1736இல் ஃபிலடெல்ஃபியாவில் தொடங்கியது தீயை அணைக்கும் தொண்டர் படை. அதற்கு முன்பே நண்பர்களோடு சேர்ந்து சந்தா நூலகம் ஒன்றையும் அவர் நிறுவியிருந்தார். நூலகம் கட்டிய மனிதரை நூல் எரித்தவராக்குகிறது அந்தப் பொய் வரலாறு. புத்தகம் இல்லாத ஊரில் அதை மறுக்க யாராலும் முடியாது.

கதைநாயகன் கய் மாண்டாக் அந்தப் படையில் பத்தாண்டு வேலை பார்த்தவன். நாவல் தொடங்கும்போது நெருப்பு அவனுக்கு இன்பம். குழாயைக் கையில் பிடித்தால் இசைக்குழுவை நடத்துகிறவனின் பெருமிதம் வருகிறது. மண்ணெண்ணெய் வாடையை வாசனைத் திரவியம் என்கிறான். எரிப்பு முடிந்து தூங்கப் போகும்போதும் முகத்தில் தீயின் வெக்கையால் இறுகிய சிரிப்பு அப்படியே இருக்கிறது. சட்டைக் கையில் சாலமாண்டரின் சின்னம், நெஞ்சில் ஃபீனிக்ஸ் பறவையின் சின்னம். ஒன்று தீயில் கிடந்தாலும் வேகாது என்று பழங்காலத்தவர் நம்பிய உயிர். மற்றது தீயில் வெந்து சாம்பலிலிருந்து மறுபடி எழும் உயிர். எரிக்கிறவர்கள் தங்களைச் சாலமாண்டர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். எவ்வளவு எரித்தாலும் தங்களைச் சுடாது என்ற திமிர் அது. நெஞ்சில் இருக்கும் ஃபீனிக்ஸின் பொருளை அவர்கள் யோசித்ததே இல்லை. அந்தப் பறவை நாவலின் கடைசிப் பக்கங்கள்வரை காத்திருக்கிறது.

முதல் மாற்றம் சிறியது. மாண்டாக் இரவில் வீடு திரும்பும் வழியில் கிளாரிஸ் என்ற பதினேழு வயதுப் பெண்ணைச் சந்திக்கிறான். அவள் முகத்தில் ஒரு மெல்லிய ஒளி தெரிகிறது. மின்விளக்கின் கூசவைக்கும் வெளிச்சமாக இல்லாமல், மெழுகுவத்தியின் ஒளியாக அது அவனுக்குப் படுகிறது. அப்போது அவனுக்கு ஒரு பழைய நினைவு வருகிறது. சிறுவயதில் ஒருநாள் மின்சாரம் போய்விட, அம்மா கடைசியாக மிஞ்சியிருந்த மெழுகுவத்தியைத் தேடி எடுத்து ஏற்றினாள். அந்தச் சிறு வெளிச்சத்தில் அறையின் பரப்பெல்லாம் சுருங்கி அவர்களைச் சுற்றி வந்து அமர்ந்தது. மின்சாரம் சீக்கிரம் வந்துவிடக் கூடாதே என்று அம்மாவும் பிள்ளையும் நினைத்தார்கள். ஊரை எரித்துத் திரியும் மனிதனுக்குள் இப்படி ஒரு தீயும் புதைந்துகிடக்கிறது. தீ என்றால் ஒன்றல்ல என்பதை பிராட்பரி தொடக்கத்திலேயே, யாரும் உபதேசம் செய்யாமல், இந்த ஒரு மெழுகுவத்தியில் சொல்லிவிடுகிறார்.

அடுத்தது தீக்குச்சி. புகாரின் பேரில் ஒரு கிழவியின் வீட்டுக்குப் படை போகிறது. வழக்கமாகக் காவல்துறை முன்கூட்டியே ஆளை அப்புறப்படுத்திவிடும். எரிக்கிறவர்கள் வெறும் பொருளைத்தான் எரிக்கிறோம் என்று நிம்மதியாக இருக்கலாம். அன்று கிழவி வீட்டிலேயே இருக்கிறாள். வெளியே வர மறுக்கிறாள். புத்தகங்களின் மேல் மண்ணெண்ணெய் ஊற்றியாகிவிட்டது, படைத்தலைவன் பீட்டி தீப்பொறியைத் தட்டக் காத்திருக்கிறான். அவள் விரல்களைத் திறந்து காட்டுகிறாள். உள்ளங்கையில் சமையலறையில் பயன்படும் சாதாரணத் தீக்குச்சி ஒன்று. படையினர் பின்வாங்கி வாசலுக்கு ஓடுகிறார்கள். அவளே உரசிக்கொள்கிறாள். 1555இல் ஆக்ஸ்ஃபோர்டில் உயிரோடு எரிக்கப்பட்ட ஆயர்கள் லாட்டிமரும் ரிட்லியும், படை உள்ளே நுழைந்தபோதே அவள் வாயில் வந்தவர்கள். அதிகாரத்தின் கையில் இருந்த தீயை ஒரு கிழவி ஒரே ஒரு குச்சியால் தன் கைக்கு மாற்றிக்கொள்கிறாள். அன்று இரவு மாண்டாக் தூங்கவில்லை. உயிரைக் கொடுத்துக் காக்கும்படி புத்தகத்துக்குள் என்ன இருக்கிறது என்ற கேள்வி அந்தச் சாம்பலிலிருந்துதான் பிறக்கிறது.

பீட்டி விளக்கம் சொல்ல வீட்டுக்கே வருகிறான். நாவலில் மிகவும் படித்தவன் அவன்தான். எரிப்பதற்கு முன் நிறையப் படித்திருக்கிறான். அவன் சொல்லும் வரலாறு கூர்மையானது. முதலில் எந்த அரசாங்கமும் புத்தகத்தைத் தடை செய்யவில்லை, மக்களே வாசிப்பதை விட்டார்கள் என்கிறான். நாவல் சுருக்கமாயிற்று, சுருக்கம் பத்தி ஆயிற்று, பத்தி ஒரு வரியாயிற்று. யார் மனமும் புண்படக் கூடாது என்று ஒவ்வொரு குழுவும் கேட்டது. ஒவ்வொருவருக்காகவும் கொஞ்சம் கொஞ்சமாகக் கத்தரிக்கப்பட்டது. சுவர் முழுக்கத் திரை வந்தது. கடைசியில் மிஞ்சியதை எரிக்கத்தான் படை வந்தது. அவனுக்கு நெருப்பு பிடித்திருப்பதற்குக் காரணம், அது கேள்வியையும் பொறுப்பையும் சேர்த்தே தின்றுவிடும் என்பது. தொல்லை தருவது எதுவானாலும் உலையில் போட்டுவிட்டால் பின்விளைவு என்று எதுவும் மிஞ்சாது.

அந்தத் தத்துவத்தை நாவல் அவன்மேலேயே திருப்புகிறது. மாண்டாக் ஒளித்துவைத்த புத்தகங்கள் பிடிபடுகின்றன. காட்டிக்கொடுத்தவர்களில் அவன் மனைவி மில்ட்ரெட்டும் ஒருத்தி. சொந்த வீட்டைச் சொந்தக் கையால் எரிக்கச் சொல்கிறான் பீட்டி. மாண்டாக் எரிக்கிறான். பேசும் சுவர்களையும் தனித்தனிக் கட்டில்களையும் எரிக்கும்போது அவனுக்குள் ஒரு விடுதலைகூட எட்டிப் பார்க்கிறது. இந்த இடத்தில் பிராட்பரி நேர்மையாக இருக்கிறார். எரிப்பதில் ஒரு சுகம் இருக்கிறது என்பதை நாயகன் திருந்திய பிறகும் அவர் மறைக்கவில்லை. அடுத்த கணம் பீட்டியின் சீண்டல் எல்லை மீற, தீக்குழாய் அவன் பக்கம் திரும்புகிறது. தீ சுடாது என்று நம்பிய சாலமாண்டர் தீயிலேயே போகிறது. மாண்டாக் இப்போது கொலைகாரன். பீட்டி சாகவே விரும்பியிருக்கிறான் என்பது ஓடும் வழியில் அவனுக்கு உறைக்கிறது.

ஆற்றில் விழுந்து மிதந்து போகிறான். நீரில் மல்லாந்து கிடக்கும்போது அவன் சூரியனை நினைக்கிறான். சூரியன் எரிகிறது, காலத்தையும் அதோடு மனிதர்களையும் எரித்துக்கொண்டே இருக்கிறது. தானும் சேர்ந்து எரித்தால் எதுவுமே மிஞ்சாது. யாராவது ஒருவர் எரிப்பதை நிறுத்தியாக வேண்டும். அந்த ஒருவன் தானாக இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு அங்கேதான் வருகிறான்.

கரையேறிக் காட்டுக்குள் நடக்கும்போது தூரத்தில் ஒரு சிறு நெருப்பு தெரிகிறது. பழக்கத்தில் அஞ்சுகிறான். பக்கத்தில் போய்ப் பார்த்தால் அது எதையும் அழிக்கவில்லை. அதைச் சுற்றிப் பலர் உட்கார்ந்து குளிர்காய்ந்துகொண்டிருக்கிறார்கள். இருட்டில் அவர்களுடைய உடல் தெரியவில்லை, தீயை நோக்கி நீட்டிய கைகள் மட்டும் தெரிகின்றன. தீக்குக் கொடுக்கவும் தெரியும் என்பது அவனுக்கு அதுவரை தெரியாது. அதன் வாடைகூட வேறாக இருக்கிறது. பத்தாண்டு தீயோடு வாழ்ந்தவன் தீயை முதன்முதலாகப் பார்ப்பது அந்த இரவில்தான். என் வாசிப்பில் நாவலின் உச்சம் பீட்டியின் சாவு அல்ல, இந்த நீட்டிய கைகள்தான்.

அந்த மனிதர்கள் ஆளுக்கொரு நூலை மனத்தில் சுமப்பவர்கள். ஆனால் அவர்களும் புத்தகம் எரித்தவர்களே. சோதனையில் பிடிபட்டுவிடக் கூடாது என்று, படித்து மனத்தில் ஏற்றியதும் தாளை எரித்துவிடுகிறோம் என்கிறார் அவர்களின் தலைவர் கிரேஞ்சர். ஒரே செயல்தான், ஆனால் நோக்கம் தலைகீழ். பிராட்பரியின் தீக்குச் சொந்தக் குணம் கிடையாது; பிடித்திருக்கும் கையின் குணமே அதன் குணம். விடியும் முன் நகரத்தின் மேல் குண்டுகள் விழுந்து எல்லாம் ஒரு நொடியில் முடிகிறது. காலையில் அதே சிறு நெருப்பில் பன்றி இறைச்சி வதக்கிக்கொண்டே கிரேஞ்சர் ஃபீனிக்ஸைப் பற்றிப் பேசுகிறார். மனிதனும் அந்தப் பறவையைப் போலத் தன்னையே எரித்துக்கொள்கிறான். ஆனால் தான் செய்த மடத்தனம் அவன் நினைவில் இருக்கும், பறவைக்கு அது இல்லை என்கிறார். மாண்டாக்கின் நெஞ்சில் சும்மா கிடந்த சின்னத்துக்கு அங்கேதான் பொருள் வருகிறது.

தமிழில் வாசிக்கும் நமக்கு இந்த இடத்தில் ஒரு வலி உண்டு. 1981 மே மாத இறுதியில் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களோடு, வேறெங்கும் பிரதி இல்லாத ஓலைச்சுவடிகளும் போயின. அவற்றை மனத்தில் சுமந்தவர் எவரும் காட்டோரத்தில் காத்திருக்கவில்லை. கிரேஞ்சர் கூட்டத்தின் நினைவாற்றல் அழகான நம்பிக்கை. ஆனால் தீக்கு முன்னால் பிரதி எடுத்துவைப்பவரின் பொறுமையான வேலைக்கு அது ஈடாகாது.

நாவல் 1953 அக்டோபரில் வெளிவந்தது. அதே ஆண்டு ஜூனில்தான் அதிபர் ஐசன்ஹோவர் டார்ட்மவுத் கல்லூரிப் பட்டமளிப்பில், புத்தகம் எரிப்பவர்களோடு சேராதீர்கள் என்று மாணவர்களுக்குச் சொன்னார். கம்யூனிஸ்டுகளை வேட்டையாடிய செனட்டர் மெக்கார்த்தி காலத்தின் அச்சம் அவ்வளவு பக்கத்தில் இருந்தது. ஓவியர் ஜோசப் முக்னைனி வரைந்த அட்டையில், அச்சடித்த தாளால் ஆன ஒரு மனிதன் காலடியில் தீ எரிய, முகத்தைக் கையால் மறைத்து நிற்கிறான். பதிப்பகம் இன்னொன்றும் செய்தது. ஆசிரியர் கையெழுத்திட்ட 200 பிரதிகளுக்குக் கல்நார் அட்டை போட்டது. கல்நார் எரியாது. இடைக்கால ஐரோப்பாவில் கல்நார்த் துணியைச் சாலமாண்டரின் தோல், அதன் ரோமம் என்றெல்லாம் நம்பினார்கள். அது விலங்கிலிருந்து வருவதல்ல, மண்ணிலிருந்து தோண்டுவது என்று மார்கோ போலோ எழுத வேண்டியிருந்தது. எரிப்பவனின் சட்டையில் இருந்த சாலமாண்டர் இப்படிப் புத்தகத்துக்கே கவசமாயிற்று.

ஆனால் அந்த அட்டை தடுக்க முடியாத ஒன்று வந்தது. 1967இல் பாலன்டைன் பள்ளி மாணவர்களுக்கென்று தனிப் பதிப்பு ஒன்று போட்டது. அதில் 75 இடங்களில் கத்தரி விழுந்திருந்தது. வசவுச் சொற்கள் போயின. கருக்கலைப்பு என்ற சொல் போயிற்று. குடிகாரன் ஒருவன் நோயாளி ஆனான். தொப்புளில் சேரும் அழுக்கை எடுப்பது காதைச் சுத்தம் செய்வதாக மாறியது. ஆசிரியரைக் கேட்கவில்லை, அட்டையிலும் சொல்லவில்லை. 1973 முதல் 1979 வரை அந்தப் பதிப்பகத்திலிருந்து கடைக்கு வந்தது கத்தரித்த பிரதி மட்டுமே. தணிக்கையை எதிர்த்து எழுதிய நாவலே பல ஆண்டுகள் தணிக்கை செய்யப்பட்டு விற்றது. பீட்டி சொன்ன அதே முறை. யார் மனமும் நோகாமல், ஒவ்வொரு சொல்லாக.

தீக்குச்சி வேண்டியிருக்கவில்லை, மண்ணெண்ணெய் வேண்டியிருக்கவில்லை. புகை எழவில்லை, ஆகவே யாரும் ஓடி வரவில்லை. எரிப்பவர்கள் தங்களை எப்போதும் விளம்பரப்படுத்திக்கொள்கிறார்கள். பெர்லின் சதுக்கத்தில் படப்பிடிப்புக் கருவிகள் இருந்தன. கத்தரிப்பவர்களுக்குச் சாட்சி கிடையாது. இதைக் கண்டுபிடித்து பிராட்பரிக்கு எழுதிய மாணவர்கள் இருந்தார்கள். அவரே நன்றியோடு அதைக் குறிப்பிடுகிறார். புத்தகத்தைக் கவனமாகப் படித்த இளம் வாசகர்கள் அவர்கள். 1980இல் பதிப்பகம் முழு நூலையும் மீட்டு, ஆசிரியரின் கோபமான பின்னுரையோடு வெளியிட்டது.

பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோ இந்த நாவலை வைத்து 1966இல் எடுத்த படத்தில் தொடக்கப் பெயர்கள் திரையில் எழுத்தாக வராது, ஒரு குரல் வாசிக்கும். வாசிப்பு இல்லாத உலகம் முதல் நிமிடத்திலேயே காதில் விழுந்துவிடும். படத்தின் முடிவில் குண்டு விழுவதில்லை. பனி பொழிய, மனிதர்கள் தங்கள் நூலை முணுமுணுத்தபடி நடக்கிறார்கள். நாவலை மின்னூலாக்க நெடுநாள் மறுத்துவந்த பிராட்பரி 2011இல் இணங்கினார். நூலகங்களுக்கும் அது கிடைக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். 2012 ஜூன் 5 அன்று காலமானார். அவர் கல்லறைக் கல்லில், இந்த நாவலின் ஆசிரியர் என்று பொறித்திருக்கிறது.

2017இல் சூப்பர் டெரைன் என்ற பிரெஞ்சு வடிவமைப்புக் குழு இந்த நாவலை இன்னொரு வகையில் அச்சிட்டுக் காட்டியது. பக்கங்கள் எல்லாம் கன்னங்கரேல் என்று இருக்கும். வெப்பத்துக்கு நிறம் மாறும் மை பூசப்பட்டவை. தீயின் சூட்டைப் பக்கத்தில் காட்டினால் கறுப்பு மங்கி எழுத்து மேலே வரும், ஆறினால் மறுபடி மறையும். காட்டோர நெருப்பில் மாண்டாக் கண்டதை இவர்கள் பொருளாகவே செய்துவிட்டார்கள்: எழுத்தை அழித்த அதே சூடு எழுத்தைக் கொண்டுவருகிறது.

அந்தக் கறுப்புப் பக்கத்துக்கும் 1967இன் கத்தரித்த பக்கத்துக்கும் இடையில் எது ஆபத்தானது என்று கேட்டால், நான் தயங்காமல் இரண்டாவதைச் சொல்வேன். கறுப்பு தன்னைக் காட்டிக்கொள்கிறது. இங்கே ஏதோ மறைத்திருக்கிறார்கள் என்று தெரிகிறது. கத்தரித்த பக்கம் முழுமையாக இருப்பதுபோல் நடிக்கிறது. தீயைக் கண்டு பதறத் தெரிந்த நமக்குச் சத்தமில்லாமல் போகும் சொல்லைக் கண்டு பதறத் தெரிய வேண்டும். பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில், மறுபதிப்பு வரும் பழைய நாவலில், சுருக்கித் தரப்படும் வரலாற்றில், முந்தைய பதிப்பை எடுத்து வைத்து ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் வாசகருக்கு வேண்டும். பிராட்பரியின் புத்தகத்தைக் காப்பாற்றியது கல்நார் அட்டை அல்ல. வரிக்கு வரி படித்து, இங்கே ஒரு சொல் குறைகிறதே என்று கேட்ட மாணவர்கள்தான்.